பொறை கொடுத்த மத்தியானம்

கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. கடைத்தெருவும் பஸ் ஸ்டாண்டும் தாலுகா ஆபீசும் கொண்ட ஊர், அவ்வளவுதான். கடைத்தெருவில் என் வீட்டுக்காரர் பாத்திரக்கடை வைத்திருந்தார். கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் பின்போர்ஷனில் நாங்கள் குடியிருந்தோம். முன்போர்ஷனில் ஒரு வாத்தியார் குடும்பம். இரண்டு போர்ஷனுக்கும் நடுவே ஒரு கதவு. நாங்கள் குடிவந்த புதிதில் அதற்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் போட்டிருந்தது. சில மாதங்களில், யாரும் முடிவு பண்ணாமலே, அது பகலெல்லாம் திறந்து கிடக்கும் கதவாகிவிட்டது.

வாத்தியாருக்குக் கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் கச்சிராயபாளையம் வழியாக ஏறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். வாரம் முழுக்க அவர் மனைவி கைக்குழந்தையோடு தனியாக இருப்பாள். வடக்கனந்தல் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். என்னைவிட நாலைந்து வயது இளையவள். என்னை அக்கா என்பாள். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. காலையில் கண் விழித்ததும் அந்தக் கதவைத் தாண்டிப் போய்விடுவாள். வாத்தியார் மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். கைக்கு எது கிடைத்தாலும் வாய்க்குப் போகும் பருவம். சாவிக்கொத்து, செருப்பு, செய்தித்தாள், எல்லாம்.

அவர்கள் ஹாலில், ஜன்னலுக்குக் கீழே, காவி அடித்த சிமெண்ட் தொட்டியில் ஒரு செடி இருந்தது. வாத்தியார் உளுந்தூர்பேட்டை ரோட்டில் ஒரு நர்சரியில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கையகல இலை. பச்சையில் சுண்ணாம்புத் தண்ணீரை உதறிவிட்ட மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. பூக்காது, காய்க்காது, வெயிலும் கேட்காது. "இது வூட்டுக்குள்ளயே வளருங்க்கா. பட்டணத்துல பெரிய பெரிய வூட்லலாம் இதான் வெச்சிருக்காங்களாம்" என்று அவள் பெருமையாகச் சொல்வாள். வெள்ளிக்கிழமை காலையில், புருஷன் வருவதற்குள், ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்து வைப்பாள். தெருப் பெண்கள் அதைப் பார்க்கவே வந்துபோவார்கள். எனக்குச் செடி என்றால் வாசலில் இருக்கவேண்டியது. ஆனாலும் அழகாகத்தான் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் குழந்தை பல் முளைக்கிற அவஸ்தையில் சிணுங்கிக்கொண்டே இருந்தான். அவள் அவனைத் தூக்கிக்கொண்டு என் சமையலறைக்கு வந்தாள்.

"அக்கா, செத்த நேரம் பாத்துக்கோங்க. மாடில துணி காயுது, மழ வர்ற மாதிரி இருக்குது. எடுத்துக்கினு வந்துடறேன்."

எங்கள் வீட்டில் டீக்குத் தொட்டுக்கொள்ள எப்போதும் பேக்கரிப் பொறை இருக்கும், ரஸ்க் மாதிரி. கெட்டியாக, குழந்தை கடித்து விளையாடத் தோதாக இருக்குமே என்று ஒரு பொறையைப் பாலில் நனைத்து அவன் கையில் கொடுத்தேன். சிணுங்கல் நின்றது. அதைச் சப்பிக்கொண்டே என் மகளின் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர்கள் ஹாலுக்குப் போனான். நான் அடுப்பில் இருந்த பாலை இறக்கிக்கொண்டிருந்தேன். நடுக்கதவு திறந்துதான் இருந்தது. மகளின் பேச்சுக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. மாடிப்படியில் வாத்தியார் மனைவி இறங்கி வரும் கொலுசுச் சத்தமும் கேட்டது.

அப்போதுதான் அந்த அலறல் வந்தது. விழுந்த குழந்தை அழும் அழுகை இல்லை அது. சூடு பட்ட அழுகை. நான் ஓடிப்போவதற்குள் அவள் துணிகளைத் தரையில் போட்டுவிட்டு அவனைத் தூக்கியிருந்தாள். உதடு இரண்டும் சிவந்து தடித்துக்கொண்டே வந்தன. எச்சில் நூலாக ஒழுகியது. நாக்கை உள்ளே இழுக்க முடியாமல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தான். கையில் என் பொறை, பாதி ஈரமாக, அப்படியே இருந்தது.

அவள் பொறையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா குடுத்தீங்க கொழந்திக்கு?"

"பொறைதாம்மா. பால்ல நனச்சி."

"வேற இன்னா?"

"வேற ஒண்ணும் இல்லம்மா."

அந்த 'வேற இன்னா'வில் இருந்த தொனியில் அவள் அதற்கு முன் என்னிடம் பேசியதில்லை. பேசிக்கொண்டு நிற்க நேரமும் இல்லை. நான் தெருமுனைக்கு ஓடி ஒரு ஆட்டோவைக் கூட்டி வந்தேன். கடைத்தெருவைத் தாண்டி இருந்த குழந்தை டாக்டரிடம் போனோம். டாக்டர் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கடைசியா என்ன சாப்பிட்டான்?"

"மத்தியானம் கீர சோறு ஊட்னேங்க. அப்புறம்..." என்று நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "பின்னாடி வூட்ல பொறை குடுத்தாங்க."

குழந்தையின் சட்டையில் பச்சையாக ஒரு கறை இருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார். கீரை என்றார்கள், கீரைதான் என்று விட்டுவிட்டார். ஊசி போட்டார். ஏதோ ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம், மூச்சு விடுவதில் சிரமம் வந்தால் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும், ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்றார். பிறகு என்னை வெளியே உட்காரச் சொன்னார். கதவை லேசாகச் சாத்திக்கொண்டு அவளிடம் ஏதோ கேட்டார். கண்ணாடியில் அவள் தலையாட்டுவது மட்டும் தெரிந்தது. ஆமாம் என்றாளா இல்லை என்றாளா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மீதிப் பொறையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றைக் கடித்தேன். மாவும் சர்க்கரையும் தவிர ஒரு ருசியும் இல்லை. அடுப்படியிலேயே நின்று உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் பரணில் இருந்த பொட்டலம் ஞாபகம் வந்தது. கடையில் எலி ஜாஸ்தி என்று என் வீட்டுக்காரர் எலி மருந்து வாங்கி வந்திருந்தார். பிஸ்கட் மாதிரியே வில்லை வில்லையாக இருக்கும். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். அவர் கட்டிய சணல் முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. இருந்தும் இறங்கவில்லை. முடிச்சை யாராவது அவிழ்த்து மறுபடி கட்டியிருப்பார்களோ என்று அங்கேயே நின்று யோசித்தேன். யார் கட்டுவார்கள்? வீட்டில் நானும் மூன்று வயதுக் குழந்தையும்தான். என்றாலும் யோசித்தேன்.

என் வீட்டுக்காரர் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்தார். வரும்போதே பேக்கரிக்காரரிடம் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஊரே தின்னுது பாய், உங்க பொறைல மட்டும் இன்னா கலந்துடப்போறேன்னு கோச்சிக்கினான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ வேற ஒண்ணும் குடுக்கலையே?" என்றார்.

"நீங்களுமா?"

"கேட்டுக்கறேன். அவ்ளோதான்."

எலி மருந்துப் பொட்டலத்தை அன்றைக்கே கடைக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் குழந்தைக்கு வீக்கம் பாதி வடிந்துவிட்டது, பால் குடிக்கிறான் என்று ஆட்டோக்காரர் வந்து சொன்னார். மலைக்குப் போகும் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்ததில் வாத்தியாரும் மத்தியானம் இறங்கி வந்துவிட்டார். சாயங்காலம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். கூடவே அவளுடைய அக்காவும் வந்தாள். வடக்கனந்தலில் நிலம் நீச்சு என்று பெரிய குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். நல்ல உயரம், கனத்த குரல். வந்த சற்று நேரத்தில் நடுக்கதவின் தாழ்ப்பாள் அந்தப் பக்கத்திலிருந்து விழும் சத்தம் கேட்டது.

நான் ஒரு கிண்ணத்தில் பால் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு தெருவழியாகச் சுற்றி வாசலுக்குப் போனேன். அக்காக்காரிதான் வந்தாள். கிண்ணத்தை வாங்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பொறையில இன்னாங்க இருந்துச்சு?"

"பொறையில இன்னாங்க இருக்கும்? மாவு, சக்கர. நானே தின்னு பாத்துட்டேன்."

"அத்த நீங்கதான சொல்றீங்க."

"நான் எதுக்குங்க பொய் சொல்லணும்?"

"நான் பொய்னு சொல்லல. ஆனா கொழந்த வாய் வெந்து கெடக்குது. காத்துல வந்தா வெந்துச்சு?"

அவளுக்குப் பின்னால் ஹாலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த தங்கை தலையைத் தூக்கவேயில்லை. அக்காக்காரி குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, தனக்குத்தானே சொல்கிற மாதிரி, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். "ஒருவேள மலைமேல யாராச்சும் இவருக்கு ஆவாதவங்க மருந்து கிருந்து வெச்சி குடுத்துட்டாங்களோ என்னவோ. மலைக்காரங்கள நம்ப முடியாது. இல்லன்னா பக்கத்துலயே இருக்கறவங்க."

"மலைக்காரங்க இன்னா பண்ணாங்க? என் பள்ளிக்கூடத்துப் பசங்க வீட்லேர்ந்து தேனும் தெனையும்தான் வருது. பேசாம இரு" என்று உள்ளேயிருந்து வாத்தியார் அதட்டினார். மலைக்காரர்களுக்காக அவர் பேசினார். பக்கத்தில் இருப்பவர்களுக்காக அவர் ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

தெருவில் விஷயம் பரவிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் நான் போனதும் பேச்சு நின்றது. எதிர்வீட்டுக்காரி தன் பேரப்பிள்ளையை என் வாசல் பக்கம் விளையாட வேண்டாம் என்று கூப்பிட்டுக்கொண்டாள். யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். "வேற வூடு பாத்துடலாமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "இப்பப் போனா பயந்துக்கினு ஓடறோம்னு ஆயிடும்" என்றேன்.

ஆனால் எனக்குள்ளும் ஒரு சந்தேகம் இருந்தது. பொறையில் ஒன்றும் இல்லை. எலி மருந்துப் பொட்டலமும் அவிழவில்லை. அப்படியானால் அந்தக் குழந்தையோடு அப்போது இருந்தது யார்? என் மகள். தம்பியை எல்லோரும் தூக்கிக் கொஞ்சும்போது அவள் முகம் சுருங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அவன் கையிலிருந்த கிலுகிலுப்பையைப் பிடுங்கிக்கொண்டும் ஓடியிருக்கிறாள். மறுநாள் காலை தலை வாரிவிடும்போது, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"பாப்பா, அன்னிக்கு தம்பி ஏன் அழுதான்?"

"தம்பி பச்ச தின்னான்."

சீப்பு நின்றது. பச்சை என்றால் பச்சைமிளகாய். என் வீட்டு மிளகாய்க் கூடை தரையோடு தரையாகத்தான் இருக்கும்.

"பச்ச யாரு குடுத்தா? நீ குடுத்தியா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. அடிக்க மாட்டேன். நீதான குடுத்த?"

"இல்ல. தம்பியே தின்னான்." அழத் தொடங்கிவிட்டாள்.

வாய் வெந்தமாதிரி வீங்கியது மிளகாயால்தான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அவர்களிடம் போய்ச் சொல்லவேண்டும். என் பிள்ளைதான் என்று சொல்லவேண்டும். கூடையைத் தூக்கி மேல்தட்டில் வைத்துவிட்டு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டேன். "எங்க இருந்து எடுத்தான்? எந்த மொளகா? காட்டு" என்றேன். அவள் கூடையைக் காட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கை நடுக்கதவைக் காட்டியது.

"அங்க."

"அங்க எங்க? அடுப்பாண்டயா?"

"இல்ல. ஜன்னலாண்ட. பெரிய பச்ச."

அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பக்கத்துச் சந்துக்குப் போனேன். அவர்கள் ஹால் ஜன்னல் சந்தைப் பார்த்துத்தான் இருந்தது. எட்டிப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே தொட்டி. மகள் கம்பிக்குள் கையை விட்டு, "இது" என்று அந்த இலையைக் காட்டினாள்.

சுவர்ப் பக்கமாக, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தொங்கிய அடியிலை ஒன்றின் ஓரம் கடித்திருந்தது. வெட்டுக்கிளியோ புழுவோ தின்றால் ஓட்டை ஓட்டையாக இருக்கும். இது பிறை மாதிரி வளைந்து, ஓரம் நைந்து, பழுப்பேறியிருந்தது. முன்னால் நான்கு பல் மட்டும் முளைத்த வாய் கடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. சட்டையில் இருந்த பச்சைக் கறை ஞாபகம் வந்தது. கூடவே இன்னொன்றும். செடியைத் துடைத்து முடித்ததும் வாத்தியார் மனைவி எப்போதும் கையைச் சொறிந்துகொள்வாள். "சோப்பு ஒத்துக்கலக்கா" என்பாள்.

எனக்கு அந்தச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அழகாக இருக்கிறது, அது தின்னக்கூடியது இல்லை, அவ்வளவுதான் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் அதன்மேல் வந்த சந்தேகம் இன்றுவரை எந்த மனிதர்மேலும் எனக்கு வந்ததில்லை.

என் வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு வந்ததும் அவரையும் கூட்டிக்கொண்டு வாசல் வழியாகப் போனேன். வாத்தியார் நாற்காலியில் இருந்தார். அக்காக்காரி அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"சார், அந்தச் செடிய கொஞ்சம் பாருங்க. அடியிலைய" என்றேன்.

"செடிக்கு என்ன?"

"கொழந்த அத்த கடிச்சிருக்கான். எங்க பாப்பா பாத்திருக்கா."

அக்காக்காரி முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னாங்க இது? நேத்து பொறை இல்லன்னீங்க. இன்னிக்கி செடினு சொல்றீங்க. நாளைக்கி செவுத்த சொல்வீங்களா?"

"இலைய பாருங்க முதல்ல. பல்லு பட்டிருக்குது."

தங்கை எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. ஆனால் அவள் புருஷன் முகத்தைத்தான் பார்த்தாள். வாத்தியார் சிரித்தார். கோபமான சிரிப்பு இல்லை, வகுப்பில் தப்பாகப் பதில் சொன்ன பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"பாயம்மா, நான் பாடம் நடத்தறதே அறிவியல்தான். இது வெறும் அழகுச் செடி. கீரை திங்கறோம், வெத்தல போடறோம். இலையில என்ன இருக்கப்போவுது? கடிச்சா கசக்கும், துப்பிடுவான். அவ்வளவுதான்."

"வேணாம் சார். டாக்டராண்ட கொண்டுபோய்க் காட்டலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"எதுக்குங்க டாக்டர்? சந்தேகம்னா இப்பவே தீர்த்துக்கலாம்."

யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு இலையின் நுனியை வெற்றிலை கிள்ளுவதுபோல் கிள்ளி வாயில் போட்டுவிட்டார்.

"ஏங்க!" என்று மனைவி கத்தினாள்.

அவர் மெல்ல மென்றார். கையை உயர்த்தி, பாருங்கள், ஒன்றும் இல்லை என்பதுபோல் சைகை காட்டினார். பிறகு மெல்லுவது நின்றது. கண் விரிந்தது. ஜன்னலுக்கு ஓடித் துப்பினார். திரும்பியவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு கையால் விசிறினார். குழந்தைக்கு ஒழுகிய மாதிரியே எச்சில் ஒழுகத் தொடங்கியது. செம்புத் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தார், பயனில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அய்யோ, ஊசி குத்தற மாதிரி இருக்குதாம்மா! பாரு, பாரு!" என்று அவர் காட்டிய சைகையை அக்காக்காரி எங்களுக்குச் சொன்னாள். காட்டுக்கருணையை வேகவைக்காமல் தின்றவரைப் போல ஆடுகிறாரே என்றும் அவளேதான் சொன்னாள். சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும்.

என் வீட்டுக்காரர் அவரைத் தன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு அதே டாக்டரிடம் ஓடினார். ஒரு இலையைச் செய்தித்தாளில் சுற்றிக் கூடவே கொடுத்தனுப்பினேன். டாக்டர் அதைப் பிரித்துப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாராம். இலைச் சாற்றில் கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான உப்பு இருக்கிறது, கடித்தால் வாயிலும் நாக்கிலும் குத்தி இறங்கும், தொண்டை வீங்கினால் மூச்சடைக்கும், குரலும் போகும் என்று சொல்லியிருக்கிறார். குழந்தை எரிச்சல் தாங்காமல் உடனே துப்பியதால்தான் பிழைத்தானாம். "வீட்ல என்ன செடி இருக்குன்னு நான் அன்னிக்கே கேட்டிருக்கணும்" என்றாராம். இதையெல்லாம் வந்து சொன்னது என் வீட்டுக்காரர்தான். வாத்தியாரால் இரண்டு நாள் பேச முடியவில்லை.

பேச முடியாத அந்த மனிதர் வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்தது, தொட்டியைக் கோணிப்பையால் பிடித்து வெளியே இழுத்தது. சும்மா குப்பையில் போட்டால் ஆடு மாடு வாய்வைக்கும், வேறு பிள்ளைகள் எடுக்கும் என்று நான் சொன்னேன். என் வீட்டுக்காரரும் அவரும் கொல்லையில் ஆழமாகப் பள்ளம் தோண்டிப் புதைத்தார்கள். வாத்தியார் மனைவி தொட்டி இருந்த இடத்தைச் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினாள். பிறகு கையையும்.

அக்காக்காரி ஊருக்குக் கிளம்பும்போது என் வாசலில் நின்றாள். மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. "எங்க வூட்டுக் கரும்பு நல்லா இருக்கும். வெட்டுனா அனுப்பறேன்" என்றாள். பிறகு, "கொழந்த விஷயம்னா மனசு எதையும் நம்பாதுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டாள். கரும்பு வந்தது.

நடுக்கதவும் திறந்தது. ஆனால் பழைய மாதிரி இல்லை. அதன் பிறகு நானும் வாத்தியார் மனைவியும் பச்சையாக இருந்த எதையும் நம்பவில்லை. பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அவள் வளர்த்த மணிப்பிளாண்டுக் கொடியும் கடிக்கக்கூடாததுதான் என்று டாக்டர் சொன்னதும், அதை ஆணியடித்து உத்தரத்தோடு உயர்த்திக் கட்டினாள். உதிர்கிற இலையைப் பொறுக்க தினமும் காலையில் தரையைக் குனிந்து பார்ப்பாள். கொல்லையில் குட்டிச்சுவரை ஒட்டி ஊமத்தை முளைத்திருந்தது. அதன் முள்ளுக்காயை என் மகள் பந்து என்று எடுத்து விளையாடியிருக்கிறாள். அதைப் பார்த்த அன்றே மண்வெட்டியை எடுத்தேன். வேரோடு பிடுங்கினோம்.

அரளிதான் பெரிய சண்டையாகிவிட்டது. கிணற்றடியில் வீட்டுக்காரம்மாவின் செவ்வரளி. வாடகை வாங்க வந்தபோது அதை வெட்டவேண்டும் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து சொன்னோம்.

"சாமிக்குப் பூ பறிக்கற செடிய வெட்டச் சொல்றீங்களா? எங்க மாமியா வெச்சது. இந்த வூட்ல எத்தினி புள்ளைங்க வளந்துச்சி, எது செத்துச்சி?"

"செத்தப்புறம் வெட்றதா?" என்றாள் வாத்தியார் மனைவி. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

வீட்டுக்காரம்மா என்னைத்தான் முறைத்தாள். சாமிக்குப் பூ வேண்டாம் என்று சொல்வது நான்தான், வாத்தியார் மனைவியின் வாயில் நான்தான் சொல்லை வைத்திருக்கிறேன் என்று அந்தப் பார்வை சொன்னது. "இது நான் சொல்றதுங்க. அக்கா ஒண்ணும் சொல்லிக் குடுக்கல" என்று அவளே முன்னால் வந்து நின்றாள். கடைசியில் வெட்டவில்லை. என் வீட்டுக்காரர் கடையிலிருந்து கம்பி கொண்டுவந்து, செடியைச் சுற்றிக் கதவு வைத்த வேலி போட்டார். பூ பறிக்கிறவர் பறித்துக்கொள்ளலாம், பிள்ளைகள் கை எட்டாது. வீட்டுக்காரம்மா அதற்கும் முகம் சுளித்தாள். இருந்தாலும் விட்டுவிட்டாள்.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் ஆறவில்லை. என் மகளை நான் குற்றவாளியாக நிறுத்திக் கேட்ட அந்தக் காலையை அவள் மறந்துவிட்டாள். குழந்தைதானே. உண்மையைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவளிடம் யாரும் முதலில் கேட்கவேயில்லை. கேட்ட நானும் நம்பாமல்தான் கேட்டேன். அதன்பின் அவள் எதைச் சொன்னாலும், அது எவ்வளவு கதையாக இருந்தாலும், "எங்க, காட்டு" என்று எழுந்து கூடப் போகும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

அடுத்த வருஷம் வாத்தியாருக்குச் சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் கிடைத்தது. சாமான்களை ஏற்ற வண்டி வந்து வாசலில் நின்றது. வாத்தியார் மனைவி என் அடுப்படிக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள் என்பது தெரிந்தது.

"அக்கா, அன்னிக்கி ஆஸ்பத்திரில டாக்டரு உங்கள வெளிய உக்காரச் சொன்னாரே, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"யாராச்சும் வேணும்னே எதாச்சும் குடுத்திருப்பாங்களா, சந்தேகம் இருந்தா சொல்லுங்க, போலீஸ்ல சொல்லணும்னு கேட்டாரு. நான் இல்லன்னு தலையாட்டிட்டேன்."

அடுப்பைத் தணித்துவிட்டு அவளைப் பார்த்தேன். "அப்ப ஏம்மா நடுக்கதவ சாத்துனீங்க?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"அவரு கேட்ட ஒடனே இல்லன்னுதாங்க்கா வந்துச்சு. யோசிக்கவே இல்ல. வூட்டுக்கு வந்து, எங்கக்கா பேசப் பேசத்தான்... எனக்கே தெரியல. உங்கமேல சந்தேகம் வந்துச்சுன்றது நெசம்தான். பொய் சொல்லக் கூடாதில்ல."

யோசிக்காமல் வந்த அந்த இல்லைக்குச் சந்தோஷப்படுவதா, யோசித்த பிறகு வந்த சந்தேகத்துக்கு வருத்தப்படுவதா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும் ஒரே பெண்ணின் மனசுதான். நானும் என் பிள்ளையைச் சந்தேகப்பட்டவள்தானே, இவளை எப்படிக் கேட்பேன்?

"சோறு ஆயிடுச்சு. எல்லாரும் சாப்ட்டுட்டுப் போங்க" என்றேன்.

"அவருக்கு லேட்டாயிடும்னு சொல்லுவாருக்கா."

"சொல்லட்டும். வண்டிக்காரரையும் சேத்துக் கூப்புடு."

சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். என் கையால் பிசைந்து அவள் மகனுக்கு ஊட்டினேன். அவள் எதிரில் உட்கார்ந்து தன் இலையில் இருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் என்ன ஊட்டுகிறேன் என்று ஒருமுறைகூட என் கையை நிமிர்ந்து பார்க்கவில்லை.